ஆவுளியா மேய்ந்த தடம்

அன்புள்ள தம்பிக்கு,

பாம்பன் சின்னப்பாலத்துல இருந்து அம்மா எழுதிக்கிறது. நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டுப் பாப்பா எழுதுது. போன்ல பேசினா "சரிம்மா, சரிம்மா"ன்னு வச்சிருவே. அதான் லெட்டரு.

செல்லுல அனுப்பின படத்தைப் பார்த்தேன். நம்ம கரையில வைக்க ஆவுளியா சிலை, அதான் கடல்பசு சிலை, உன்னைச் செய்யச் சொல்லியிருக்காகன்னதும் தெரு பூராவும் சொல்லிட்டேன். ஆனா படத்துல சில விஷயம் ஒட்டலை. மொதல்ல வால். வட்டமா விரிச்சு வச்சிருக்கே. அது அமெரிக்கா பக்கம் இருக்கிற மேனட்டிங்கிற கடல் பிராணிக்கு உள்ள வால்னு பாப்பா நெட்டுல பார்த்துச் சொல்லுது. நம்ம ஆவுளியாவுக்கு ஓங்கிலுக்கு, அதான் டால்பினுக்கு, உள்ளதுபோல வால் ரெண்டாப் பிரியும். மூஞ்சியும் கீழ பார்த்து வளைஞ்சிருக்கணும். கடலடித் தரையில முளைக்கிற புல்லை மேயத்தான் அந்த மூஞ்சி. நீ அதை நிமிர்த்தி வச்சு எல்லாருக்கும் வணக்கம் சொல்ல வச்சிருக்கே.

வாலைத் திருத்திடலாம். நான் சொல்ல வந்தது வேற. சின்ன வயசுல இருந்து கடல்பாசி எடுக்க முங்குறேன், உயிரோட ஆவுளியாவைப் பார்த்தது ரொம்பக் கொஞ்சம். அது மேஞ்ச தடத்தைத்தான் நிறையப் பார்த்திருக்கேன். இலையை மட்டும் கடிக்காது அது. வேரோட பிடுங்கித் தின்னுக்கிட்டே போகும், போன வழியில வெறும் மணல் தெரியும். ஒரு சாண் அகலம், ஏர் ஓட்டின சால் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். சுத்தி பச்சைப் புல்லு, நடுவுல அந்த வெள்ளை வழி. மூணு மீட்டர் நீளம், நானூறு கிலோ எடைன்னு மீட்டிங்ல சொல்றாகளே, அத்தாம் பெரிய உசுரு நமக்குக் காட்டுறது அம்புட்டுத்தான்.

அதைச் செய்யேன். இரும்புல புல்லு, இடுப்பு உசரம். நடுவுல ஒரு வழி, பிள்ளைக நடந்து போற அகலத்துக்கு. வழி முடியிற இடத்துல அந்தப் பிரிஞ்ச வால் மட்டும் தெரியட்டும். காசு குடுக்கிறவுக "மிருகம் எங்க?"ன்னு கேப்பாக, செல்பிக்கு ஆகாதும்பாக. வாலுக்குப் பக்கத்துல நின்னு எடுக்கட்டுமே. புல்லு இல்லாட்டி அது இந்தப் பக்கம் வரவே வராது. அந்தப் புல்லை யாரும் சிலையா வச்சு நான் பார்க்கலை.

புல்லுன்னா ஒரே மாதிரி வெட்டி நட்டுடாதே. நாடாக் கணக்கா நீளமாத் தட்டையா ஒரு சாதி. குச்சியா உருண்டையா ஒண்ணு. தரையோட ஒட்டி, சின்னதா முட்டை வடிவ இலையோட ஒண்ணு. உன் பட்டறையில பட்டைக் கம்பி இருக்கு, ராடு இருக்கு, தகடு இருக்கு, மூணுக்கும் மூணு சரியாப் போச்சு. நுனி எல்லாம் கூரா இருக்காது. மேஞ்சதும் அலையில தேய்ஞ்சதும் பாதிக்குப் பாதி மழுங்கி, அரைகுறையாத்தான் நிக்கும். இன்னொண்ணு, எதுவும் நேரா நிக்காது. நீரோட்டம் போற பக்கமே அத்தனையும் சாயும். வாடைக் காத்துக்கு ஒரு பக்கம், கச்சான் காத்துக்கு ஒரு பக்கம். நீ ஒரு பக்கம் தீர்மானம் பண்ணிச் சாய்ச்சுக்க.

இப்ப உப்பு. உங்கப்பா பழைய ரயில் பாலத்துல பெயின்ட் வேலை பார்த்தவரு, அவரு சொன்னதைத்தான் சொல்றேன். 1914ல திறந்த பாலம் அது. சுரண்டுறதும் பூசுறதுமாவே அது காலம் போச்சு. வெட்டவெளியில காத்துல காயிற இரும்பை விட தண்ணி தங்குற மூலையும் ரெண்டு தகடு சேர்ற இடுக்கும்தான் மொதல்ல போகும்பாரு. அதனால புல்லோட அடியில கிண்ணம் மாதிரி எதுவும் வைக்காதே, தண்ணியும் மணலும் ஓடிப்போக வழி விடு. 2025 ஏப்ரல்ல திறந்தாகளே புதுப் பாலம், அதுல கான்கிரீட்டுக்குள்ளயே துருப்பிடிக்காத கம்பி போட்டு, இணைப்பெல்லாம் வெல்டிங்காவே பண்ணியிருக்காகளாம். அம்மாம் பெரிய வேலையிலேயே அவ்வளவு பயந்துதான் செஞ்சிருக்காக.

துருப்பிடிக்காத இரும்புல 304 ரகம் போதும்னு யாராவது சொன்னா கேக்காதே. 316 ரகத்துல மாலிப்டினம்னு ஒரு உலோகம் இருக்கு, உப்புக்கு அதுதான் கொஞ்சம் தாங்கும்னு நீதானே எனக்குச் சொன்னே? வெல்டிங் வச்ச இடத்துல நீலமும் பழுப்புமா நிறம் ஏறுமே, அதை ஆசிட் போட்டு எடுக்காம விட்டா 316ஆ இருந்தாலும் அங்கதான் துரு ஆரம்பிக்கும்னும் சொன்னே. சாதா இரும்பு அறுத்த கிரைண்டிங் வீலை இதுல தொடவிடாதே. மெரினாவுல உழைப்பாளர் சிலையைக் காட்டினியே, 1959ல இருந்து கடல்காத்துல நிக்குதுன்னு. அது வெங்கலம். அதுக்கு உனக்குப் பணமும் தரமாட்டாக, இங்க அதை ராத்திரி அறுக்காம விடுவாகளான்னும் தெரியாது.

நீ ஊருக்குப் போனப்புறம் இதைப் பழுது பார்க்கப் போறது யாரு? நங்கூரமும் சுக்கானும் ஒட்டுற பட்டறைக்காரகதான். அவுகளை மொதல்லயே கூப்பிட்டு வச்சு, கூட நின்னு செய்யச் சொல்லு. ஒரு இலை முறிஞ்சா கழட்டி மாத்துற மாதிரி இருக்கட்டும். எந்த ராடு, எந்த கம்பெனின்னு எழுதிக் குடுத்துட்டுப் போ.

ராத்திரி லைட் வைக்கப் போறதா எழுதியிருந்தே. கடலைப் பார்த்து ஒரு பல்பு கூட வேணாம். தையில இருந்து ஆமை கரையேறி முட்டை வைக்கும். குஞ்சு பொரிச்சு வர்றப்ப வெளிச்சம் எங்கயோ அங்கதான் போகும், கடலுக்குப் போகாது. ரோட்டுப் பக்கம் தரையைப் பார்த்து ரெண்டு போதும்.

சித்திரை வெயில்ல தகடு தொட்டா கை வெந்துபோகும். பிள்ளைக பிடிக்கிற உசரத்துல பளபளன்னு பாலிஷ் வேணாம், விளிம்பு எல்லாம் உருட்டிவிடு. ஆடு நுழையும், அதை ஒண்ணும் பண்ண முடியாது. யாராவது அதுமேல வலை காயப்போட்டா சண்டைக்குப் போகாதே. உங்க மாமாவே மொத ஆளா போடுவாரு. (பாப்பா சிரிக்குது.)

எங்க பிழைப்பு எப்பவும்போலத்தான். அமாவாசைக்கு 6 நாள், பௌர்ணமிக்கு 6 நாள்னு நாங்க வச்ச கணக்குல மாசம் 12 நாள்தான் இறங்குறோம். மரிக்கொழுந்துப் பாசிக்கு விலை சுமார். 1986ல மன்னார் வளைகுடாவைக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினதுல இருந்து 21 தீவுலயும் எங்களை விடுறதில்லை, அந்தப் பேச்சு இன்னும் நடக்குது. கரைப்பக்கம் புல்லு இருக்கு, அது போதும் உனக்குக் காட்ட.

மாசி, பங்குனியில வா. தண்ணி தெளிஞ்சிருக்கும். கச்சான் பிடிச்சா இந்தப் பக்கம் கலங்கிரும், ஒண்ணும் தெரியாது. வர்றப்ப முங்குற கண்ணாடி ஒண்ணு எனக்கும் ஒண்ணு உனக்கும் வாங்கிட்டு வா. என்னோடதுல ரப்பர் போயி மூக்குக்குள்ள தண்ணி வருது. மஞ்ச ரப்பர் வேணாம், கறுப்பு வாங்கு.

அம்மா