விளக்கமில்லாத சனம் என்று சொன்னாயே

யாழ்ப்பாணம்
2025 புரட்டாதி

அன்பு மகளுக்கு,

அப்பாவும் நானும் சுகம். சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது, வெயில்தான் இன்னும் ஓயவில்லை. கிணற்றில் தண்ணீர் நன்றாகக் கீழே போய்விட்டது. மாரி வரும்வரை பார்த்துப் பார்த்துத்தான் இறைக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் நோவு முன்னையைவிடக் குறைவு. அதைப் பற்றி யோசிக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை கதைத்தபோது உன் கம்பனி ஆலோசனை சொல்கிற நிலக்கரி மின்நிலையத்தைப் பற்றிச் சொன்னாய். கடற்கரைக் கிராமம் ஒன்று, காணி அளந்தாகிவிட்டது, சனம் றோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது என்றாய். பிறகு, "அவைக்கு விளக்கமில்லை அம்மா, அதுதான் எதிர்க்கினம்" என்றாய். நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபமாகத்தான் வந்திருக்கும். இரண்டு மூன்று நாள் யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

அம்மா மின்சாரத்துக்கு எதிரி என்று மட்டும் நினைத்துவிடாதே. சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில்தான் நீ அ, ஆ எழுதப் பழகினாய். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, திரி கொளுத்தி உன் கொப்பிக்குப் பக்கத்தில் வைப்பேன். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு ஒரு சொட்டும் சிந்த மனம் வராது. செய்தி கேட்க அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றுவார், டைனமோவில் ரேடியோ பாடும். நீயும் சுற்றக் கேட்டு அழுவாய். வருடக்கணக்கான இருட்டுக்குப் பிறகு வீட்டில் முதன்முதல் பல்ப் எரிந்த அன்று நான் குசினிக்குள் நின்று அழுதேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, மருந்தை ஐஸ் பெட்டியில் வைக்க முடியாமல் பக்கத்து வீட்டு ஆச்சி பட்ட பாட்டையும் பார்த்தேன். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். அதை எங்கே, யாருடைய காணியில், யாரைக் கேட்டுச் செய்கிறார்கள் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

1982 இல் எனக்கு முதல் நியமனம் மூதூர் கிழக்கில் கிடைத்தது உனக்குத் தெரியும். திருகோணமலையில் லாஞ்சு ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர் இறங்குதுறையில் இறங்க வேண்டும். அங்கிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர் என்று குலுங்கிக் குலுங்கிப் போவோம். யாழ்ப்பாணத்துக் காய்ந்த நிலத்தில் வளர்ந்த எனக்கு அந்த ஊர்களின் செழிப்பு ஒரு அதிசயம். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் கடல், நடுவில் மாடுகள். சட்டி சட்டியாகத் தயிர். சம்பூர் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போனவர்கள், வாடகை வாங்காமல் அறை தந்த வீட்டுக்காரர்தான். புவியியல் ரீச்சர் என்று பெயர் எனக்கு, ஆனால் காற்றைப் பற்றி எனக்குப் படிப்பித்தவன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். அவனுடைய தகப்பன் மீன்பிடிக்காரர். வாடை எந்த மாதம் தொடங்கும், எந்த மணித்தியாலத்தில் திரும்பும், எந்த மீன் அதோடு வரும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்த பருவக்காற்றை அவன் ஒரு பாடம் முழுக்கச் சொன்னான்.

2006 ஏப்ரல் கடைசியில் சண்டையில் அந்த ஊர்களில் குண்டு விழுந்தது. சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. வெருகல் தாண்டி மட்டக்களப்புக்கு ஓடி, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தார்கள். நாங்களும் 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள்தானே. உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்த இரவு இப்போதும் கனவில் வரும். ஆனால் எங்களுக்கு ஆறு மாதத்தில் திரும்பக் கிடைத்தது. அவர்களுக்குப் பத்து வருடம் எடுத்தது.

இப்போது திகதியைக் கவனி. அவர்கள் ஊரை விட்டு ஓடிய அதே 2006 டிசம்பரில், சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் கட்ட இலங்கை அரசும் மின்சார சபையும் இந்தியாவின் என்.ரி.பி.சி. நிறுவனமும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தன. 2007 மே மாதம் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது. 2013 ஒக்டோபரில் அடுத்த ஒப்பந்தங்களும் முடிந்தன. இவ்வளவும் நடக்கும்போது சனம் முகாமில். சம்மதமா என்று கேட்பதற்கு ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. நீ ஒரு பொறியியலாளர், சொல்லு. ஆளில்லாத ஊரின் வரைபடத்தைப் பார்த்தால் அது வெறும் நிலமாகத்தானே தெரியும்? கிணறு, கோயில், சுடலை, மாடு மேயும் தரவை ஒன்றும் அதில் இருக்காது.

2015 இல் அந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒரு கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் வந்தான். பையன் என்ன, தலை முழுக்க நரை. சேட்டுப் பையில் பொலித்தீனில் சுற்றிய காணி உறுதியின் பிரதி. முகாமுக்கு முகாம் அதைத்தான் கொண்டு திரிந்திருக்கிறான். "ரீச்சர், வாடை கடலிலிருந்து ஊருக்குள்ளதானே அடிக்கும். மழைக்காலம் முழுக்க அந்தப் புகை எங்கட வயலுக்கு மேல்தானே நிற்கும்?" என்று கேட்டான். எரித்த கரியின் சாம்பலை எங்கே கொட்டுவார்கள், மழை பெய்தால் அது எந்தப் பள்ளத்தால் ஓடும் என்று கேட்டான். கடல்தண்ணீரை உறிஞ்சி இயந்திரத்தைக் குளிரவைத்துவிட்டுச் சூடாகத் திரும்ப விட்டால் குடாவில் இறாலும் குஞ்சு மீனும் நிற்குமா என்று கேட்டான். மகள், இவை நீ பல்கலைக்கழகத்தில் படித்த கேள்விகள். அவன் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. இவனைத்தான் விளக்கமில்லாதவன் என்பதா?

இங்கே சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்லச் சட்டம் 30 நாள் தருகிறது. நூற்றுக்கணக்கான பக்கம், இரசாயனப் பெயர்கள், அட்டவணைகள். விடிய மூன்று மணிக்குக் கடலுக்குப் போய் வருகிற ஒருவர் அந்த 30 நாளில் அதைப் படித்து, விளங்கி, மறுமொழி எழுத வேண்டும். அவர் எழுதாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று ஆகிவிடும். அதனால்தான் பதாகையும் பிடித்துக்கொண்டு றோட்டில் நிற்கிறார். வேறு எங்கே போய் நிற்பார்?

உனக்கு இங்கத்தைய தண்ணீரைப் பற்றியும் நினைவூட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கி, கீழே உள்ள உப்புத்தண்ணீருக்கு மேல் ஒரு படலமாக மிதக்கிறது. அதைத்தான் நாங்கள் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். ஓரிடத்தில் மேலே ஊற்றினது எங்கே போய் வெளிவரும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் கீறிக் காட்டுவேன். ஒரு நாள் சுன்னாகம் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி சோடாப் போத்தலில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மேலே எண்ணெய். மூடியைத் திறக்க வகுப்பு முழுக்க மணத்தது. "ரீச்சர், இது வடிகட்டினால் குடிக்கலாமா?" என்றாள். நான் முப்பது வருடம் படிப்பித்தவள், அந்தப் பிள்ளைக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. சுன்னாகத்து மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறு கிணறாகக் கலந்த காலம் அது. தலைமுறை தலைமுறையாகக் கிணற்றில் அள்ளிக் குடித்த சனம் தண்ணீர் பௌசர் வரும்வரை வாளியோடு நின்றது. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அந்த மின்நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது. அது நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு இடையில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்துக் கலியாணமும் கட்டிவிட்டாள்.

நிலக்கரியை நான் நேரே பார்த்தது நுரைச்சோலையில்தான். தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு என்னோடு படிப்பித்த ரீச்சர் கூட்டிப் போனார். போகும் வழியில் தூரத்திலேயே புகைபோக்கி தெரிந்தது. மூன்று இயந்திரம், 900 மெகாவாற். ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி கப்பலில் வர வேண்டும். சோளகக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இறக்க முடியாது, அதனால் முன்கூட்டியே இறக்கி மலையாகக் குவித்து வைக்கிறார்கள். அதே காற்றில்தான் தூளும் பறக்கிறது. கற்பிட்டிப் பக்கம் மீன்பிடிச் சனமும் வெங்காயத் தோட்டக்காரரும் தொடக்கத்திலேயே எதிர்த்தார்கள். அந்த மின்சாரத்தில்தான் என் வீட்டு மின்விசிறியும் சுற்றுகிறது என்பதை நான் மறக்கவில்லை. அது எனக்குப் பாரமாகத்தான் இருக்கிறது.

சம்பூர் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். ஊர்ச்சனமும் சுற்றாடல் அமைப்புகளும் விடவில்லை, வழக்கும் போனது. 2016 செப்டெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்படுகிறது என்று நீதிமன்றத்தில் அரசே சொன்னது. இந்த வருடம் ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்தை இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் தொடக்கி வைத்தார்கள். செய்தியில் பார்த்துவிட்டு அந்தப் பழைய மாணவனுக்கு அடித்தேன். "பரவாயில்லை ரீச்சர், புகை இல்லை. ஆனால் மாடு மேய்க்கிற தரவை சுருங்கிட்டுது" என்றான். இப்போதும் காணியைப் பற்றித்தான் அவன் கதைக்கிறான். இந்தத் திட்டத்துக்காவது ஊர்ச்சனத்தைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டான்.

உன் வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. உன் படிப்புக்கு எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறிக்கையில் உன் பெயரும் இருக்கப்போகிறது என்றாய். அப்படியென்றால் ஒருமுறை அந்த ஊருக்குப் போ. கூட்டம் போடுகிற மண்டபத்துக்குப் போகாதே, மீன் இறங்குகிற நேரத்துக்குக் கரைக்குப் போ. வயது போன பெண்களோடு இருந்து கதை, தண்ணீர் எங்கே அள்ளுகிறார்கள் என்று கேள். அவர்கள் தருகிற தேத்தண்ணியைக் குடி. அவர்கள் சொல்கிற காற்றையும் மழையையும் உன் கணக்கோடு வைத்துப் பார். எங்கேயாவது பொருந்தாமல் போனால் உன் கணக்கை முதலில் சரிபார். போக விடமாட்டோம் என்று கம்பனி சொன்னால் அதையும் எனக்குச் சொல்லு.

பினாட்டும் ஒடியல் மாவும் கட்டி வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். மாமி உன் பேத்தியம்மாவின் சங்கிலியை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது ஒன்றை விசாரித்து வைத்துக்கொண்டு எடு. அந்த ஊர்ச்சனம் என்ன மொழி பேசுகிறார்கள், உங்கள் அறிக்கை அந்த மொழியில் வந்ததா?

அன்புடன்,
அம்மா