காலை வெட்டி எடுப்பது அவசரம், காப்பது அவசரம் இல்லையா?

மதிப்பிற்குரிய மருத்துவமனை முதல்வர் அவர்களுக்கும், எந்த அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம் என்று பட்டியல் போட்ட அதிகாரிகளுக்கும்,

வணக்கம். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் நீங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. ஆக்சிஜனுக்கே அல்லாடிய நேரத்தில் குடலிறக்கத்தையும் கண்புரையையும் தள்ளிவைத்தீர்கள், அதில் வருத்தமில்லை. ரத்தநாள அறுவை சிகிச்சையையும் அதே பட்டியலில் சேர்த்தது யார் யோசனை?

என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை. காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்து உங்கள் மருத்துவர்களே சொன்னார்கள். பைபாஸ் செய்தால், அதாவது அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்றுவழி போட்டால், கால் தேறும் என்றும் சொன்னார்கள். அப்புறம்தான், 'இது எமர்ஜென்சி இல்லை, நிலைமை சரியானதும் வாருங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். படுத்தால் வலி கூடும், காலைத் தொங்கவிட்டால்தான் கொஞ்சமாவது ரத்தம் இறங்கும். அதனால் இரவெல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவார். கட்டைவிரல் நீலம் பாரித்தது, பிறகு கறுத்தது. பாதம்வரை ஏறிச் சீழ் பிடித்தபோது தூக்கிக்கொண்டு வந்தோம். அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் இருந்தது, மயக்க மருந்து டாக்டர் இருந்தார், எல்லாமே இருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காப்பாற்றுவதைத் தள்ளிப்போடலாம், வெட்டுவது மட்டும் அவசரம்!

வெட்டிய மருத்துவர்மேல் கோபமில்லை. அந்த நிலையில் அவர் வேறென்ன செய்வார்? பட்டியல்மேல்தான் கோபம். கால் பைபாஸ் பலருக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டே முடிந்துவிடும், வென்டிலேட்டர் வேண்டாம். டயாலிசிஸ் செய்யக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலாவுக்குக் கையை மட்டும் மரக்கவைத்தால் போதும். கால் ரத்தக்குழாய் திடீரென்று அடைத்துக்கொண்டாலோ ஆறு மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியை எடுத்தாக வேண்டும், ஆர்டி-பிசிஆர் கொரோனா பரிசோதனை முடிவு வரட்டும் என்று கால் காத்திருக்காது. கொரோனாவே ரத்தத்தை உறையவைக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறக்க மட்டும் தேதி, நேரம், தடுப்புக் கட்டை எல்லாம் பக்காவாக அமைந்துவிட்டன. சரி, அதை விடுங்கள்.

இன்னொரு அலை வந்தால் என்ன செய்வீர்கள்? அதற்கு முன், ரத்தநாள அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கும் பட்டியலிலிருந்து தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கொரோனா வார்டுக்குப் போகாத ஒரு தியேட்டரையும் ஒரு மயக்க மருந்து டாக்டரையும் அதற்கென்று ஒதுக்குங்கள். பெரியப்பாவின் இன்னொரு காலிலும் நாடித் துடிப்பு குறைவு என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தேதி கேட்டு அடுத்த மாதம் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி மகன்