காந்தப்புலமும் செல் சவ்வும்

ஆசிரியருக்கு,

மின்கம்பி, செல்போன் கோபுரம் பற்றிய செய்திகளில் 'ஆபத்து', 'ஆபத்தே இல்லை' என்ற இரண்டு குரல்கள்தான் பெரும்பாலும் கேட்கின்றன. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பது அடிபட்டுப் போகிறது.

1970களில் அமெரிக்காவில் ராஸ் ஏடியும் சுசான் பாவினும் கோழிக்குஞ்சின் மூளைத் திசுவை வலுக்குறைந்த மின்காந்தப் புலத்தில் வைத்தபோது, அதிலிருந்து வெளியேறும் கால்சியத்தின் அளவு மாறியது. அதுவும் சில அதிர்வெண்களில் மட்டும். சுற்றியுள்ள நிலையான காந்தப்புலத்தை மாற்றினால் இந்த விளைவும் மாறுகிறது என்று 1985இல் கார்ல் பிளாக்மேன் குழு காட்டியது. உயிரணுவைச் (செல்லைச்) சுற்றியுள்ள மெல்லிய உறையான செல் சவ்வை இறுக்கிப் பிடிப்பதில் கால்சியத்துக்குப் பங்குண்டு. அது விலகினால் சவ்வு கசியும் என்பது ஒரு விளக்கம். ஆனால் எல்லா ஆய்வகங்களிலும் இதே முடிவு கிடைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, இந்தப் புலங்கள் சவ்வைப் பாதிக்கின்றனவா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மின்கம்பிக் காந்தப்புலத்தை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்ததுகூட குழந்தைகளின் ரத்தப்புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களை முக்கிய ஆதாரமாக வைத்துத்தான். சவ்வு ஆய்வுகளை அதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். இனி இப்படிச் செய்தி போடும்போது, புலத்தின் அளவு எத்தனை மைக்ரோடெஸ்லா, அதிர்வெண் என்ன என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்