ஐப்பசி நடவில் பிள்ளைகளுக்கும் ஒரு பாத்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

கொடைக்கானல் மலையில் இளவட்டங்கள் யாரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. பழியை முழுக்கப் பிள்ளைகள் தலையில் போடுவது சரியில்லை என்பதால் எழுதுகிறேன். நாம் அவர்களை எதற்குக் கூப்பிடுகிறோம்? களை பிடுங்க, எரு சுமக்க. முடிந்ததும் டீ, பன், ஒரு போட்டோ. அதே பையன் சுற்றுலா வண்டியில் ஏறி வழி காட்டினால் சாயங்காலம் கையில் காசு பார்க்கிறான், அப்புறம் தோட்டத்துக்கு ஏன் வரப்போகிறான்?

எங்கள் மேல்மலை ஊரில் ஆளில்லாமல் தரிசாகக் கிடந்த படிக்கட்டு நிலத்தைச் சில குடும்பங்கள் சேர்ந்து கூட்டுத்தோட்டமாக்கிப் பயிர் செய்கிறோம். போன ஐப்பசியில் அதில் ஒரு அடுக்கைப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளிடமே விட்டோம். என்ன நடுவது, எப்போது எடுப்பது, யாருக்கு விற்பது எல்லாம் அவர்கள் முடிவு, வருகிற பணமும் அவர்களுக்கே. பூண்டுதான் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே பூண்டுக்கு ஆனி, ஆடி ஒரு பட்டம், ஐப்பசி இன்னொரு பட்டம்.

பரணில் அடுப்புப் புகை படக் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டை இறக்கிப் பல் பிரிப்பதிலேயே ஒரு நாள் போனது. தோல் உரியக் கூடாது, வெளிச்சுற்றில் உள்ள பெரிய பல் விதைக்கு, நடுவில் ஒல்லியாக இருப்பது குழம்புக்கு. ஒரு பையன் அவசரத்தில் நுனியைக் கீழே வைத்து ஊன்றிக்கொண்டே போக, வரப்பில் உட்கார்ந்திருந்த பாட்டி, "வேர்ப்பக்கம் கீழ இருக்கணும் கண்ணு, கவுத்து வெச்சா முளை வளைஞ்சுல்ல வரும்" என்று பிடித்துக்கொண்டார். அந்த வரிசை முழுக்க மறுபடி ஊன்றினான். அடைமழையில் பாத்தியில் தண்ணீர் நின்றால் பூண்டு அழுகிவிடும் என்று யாரும் சொல்லாமலே, கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து வடிகால் வெட்டினார்கள். களை பிடுங்கக் கூப்பிட்டபோது வராத அதே பிள்ளைகள்தான்.

அறுவடை முடிந்து வடுகபட்டி பூண்டுச் சந்தைக்கு லோடு போனபோது கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் கூடவே போனார்கள். மண்டியில் விலை வைக்கிற விதம், கமிஷன், இறக்குக் கூலி எல்லாம் போய்ச் சிட்டையில் மிஞ்சியது என்ன என்று பார்த்துவிட்டுக் கொதித்துப்போய்த் திரும்பினார்கள். பொடியையும் பெருசையும் ஒரே மூட்டையில் கட்டி அனுப்பினால் பொடிக்கு உள்ள விலைதானே போடுவான் என்று எங்களைத்தான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், தரம் பிரிக்காமல் அனுப்பினால் அந்தப் பெயரால் நமக்கு என்ன லாபம்? இந்த வருஷம் மூட்டை கட்டுகிற பொறுப்பு அவர்களுடையது. சில பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை, அது வேறு கதை.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். காலாண்டு விடுமுறை புரட்டாசியில் வருகிறது, ஐப்பசி நடவுக்கு நிலம் கொத்தி எருப் போட அதுதான் தோதான நேரம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமைக் கோயில் வாசல் கூட்டுவதோடு முடிக்காமல் இந்த மாதிரித் தோட்டங்களுக்குத் திருப்பலாம். அரையாண்டு விடுமுறை வரை தள்ளிவிட்டால் உறைபனி வந்துவிடும், அப்போது பிள்ளைகளைக் கூட்டிவந்து என்ன நடச் சொல்வது?

விதை, இடுபொருள் கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று. எங்களுக்கு மானிய விதை வந்து சேர்ந்தபோது கார்த்திகை பாதி கழிந்திருந்தது, வாங்கி மூலையில் வைத்ததுதான் மிச்சம். புரட்டாசிக் கடைசிக்குள் கொடுங்கள், முடியாதென்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், ஊருக்குள்ளேயே விதை புரட்டிக்கொள்கிறோம்.

பெற்றோர் பயப்படுவதும் புரிகிறது. பொழுது சாய்ந்தால் காட்டுமாடு தோட்டத்துக்குள் வருகிறது. அதனால் நாலு மணிக்கே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், ராக்காவலும் மருந்தடிப்பதும் பெரியவர்கள் வேலை. பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது தங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு அடுக்கு ஒதுக்குவதாக இருந்தால், விதைப்பூண்டு கொஞ்சம் கொடுக்க நாங்கள் தயார், எடுத்ததும் அதே அளவு திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
மேல்மலைப் பூண்டு விவசாயி,
கொடைக்கானல் வட்டம்.