உள்ளே என்ன போடுகிறாய், தம்பி?

அன்புள்ள தம்பி,

அக்காவுக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எனக்கு வரவில்லை, வேலையாக இருந்திருப்பாய், சரி. 1919-இல் ஜெர்மன்காரர்கள் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல்களைக் கடலுக்கடியில் இறங்கிப் பார்க்க ஸ்காட்லாந்தில் இருக்கும் ஸ்காபா ஃப்ளோவுக்குப் போகிறாயாம். தண்ணிமலைக் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், பினாங்குப் பிள்ளை அங்கே போய் இறங்குகிறான் என்று.

படத்தில் நீ போட்டிருக்கிற டிரைசூட்தான், தண்ணீர் புகாத அந்த முக்குளிப்பு உடுப்புதான், மனதை உறுத்துகிறது. மெல்லியதாகத் தெரிகிறதே, டிரைலாமினேட்தானே? இரண்டு துணிக்கு நடுவில் பியூட்டைல் ரப்பர். தண்ணீரை உள்ளே விடாது, அதோடு அதன் வேலை முடிந்தது. குளிரைத் தடுப்பதெல்லாம் உள்ளே போடும் உடுப்பும் அதில் நிற்கிற காற்றும்தான். பாயார் தீவில் நீ போட்டுப் பழகியது நியோப்ரீன், நுரை ரப்பர், அதன் நுரையில் இருக்கும் குமிழிகளே உடம்பைக் காக்கும். நியோப்ரீனில் டிரைசூட்டும் உண்டு, ஆனால் 40 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் 5 மடங்கு, குமிழி நசுங்கி உடுப்பே மெலிந்துவிடும், அதிகம் தேவைப்படுகிற ஆழத்தில்தான் அது கைவிடும். முன்கூட்டியே நசுக்கிச் செய்த நியோப்ரீன் அப்படி மாறாது, ஆனால் அது தானாகத் தரும் சூடு குறைவு. அதனால் நீ வாங்கியது தப்பில்லை, விசாரித்துத்தான் வாங்கியிருப்பாய், உனக்கு அந்தப் புத்தி எப்போதும் உண்டு. ஆனால் உள்ளே என்ன போடுகிறாய்?

பருத்தி வேண்டாம். கம்பளி போடு, நனைந்தாலும் கொஞ்சமாவது சூடு நிற்கும். கழுத்துப் பக்கம் கசிந்தால் நியோப்ரீனில் ஓரளவு மிஞ்சும், உன் உடுப்பில் உள்ளே போட்டது நனைந்தால் பெரும்பாலும் போச்சு. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இறங்க இறங்க உடுப்புக்குள் காற்று சேர், இல்லையென்றால் கம்பளியும் நசுங்கிப்போகும். ஏறி வரும்போது உடம்பு குளிர்ந்திருந்தால் ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் சரியாக வெளியேறாது, அது எவ்வளவு ஆபத்து என்று எனக்குச் சொன்னவனே நீதான். பருத்தி மட்டும் வேண்டாம்.

அம்மா கேட்கச் சொன்னாள், தீபாவளிக்கு வருகிறாயா? போன் எடுத்தால் என்ன குறைந்துவிடும் உனக்கு?

இன்னொன்று. அந்த உடுப்புக்கு ஜிப் முதுகில் இருக்கிறது, கூட ஒருவர் நின்று இழுத்து மூட வேண்டும். முன்பெல்லாம் உன் படங்களில் அந்தப் பெண்ணும் இருப்பாள். இப்போது யார் மூடிவிடுகிறார்கள்?

கம்பளி வாங்கப் பணம் போட்டிருக்கிறேன்.

அப்பா