5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் யார் தெர்மாமீட்டர் வைத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த பழங்கால வெப்பமாதல் கட்டுரையைப் படித்தேன். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி 5, 6 டிகிரி சூடானது, கடலும் கூடவே சூடானது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் இதழை முதலில் கைப்பற்றுவது என் தம்பி. படித்து முடித்ததும் மேசையில் போட்டுவிட்டு, "ஏங்க்கா, அப்போ யாரு தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தாங்களாம்?" என்றான். கிண்டல்தான். ஆனால் கேள்வி நியாயமானது. கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. "விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்" என்ற ஒரே வரியோடு தாண்டிப் போய்விட்டீர்கள். முப்பது வருடங்களுக்கு முன் ஒரு நிலவியல் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் நான் பார்த்தது இந்த வேலையைத்தான். தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

கடலடிச் சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசுவோம். சேறு ஓடிவிடும், அரிசி மாவு போல ஏதோ கொஞ்சம் மிஞ்சும். அதை உலர்த்திக் கறுப்புத் தட்டில் தூவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அது மாவில்லை, ஒவ்வொரு துகளும் ஓர் ஓடு. ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்கள் கட்டிய சுண்ணாம்பு வீடு. சில மேல்மட்டத் தண்ணீரில் மிதந்தவை, சில கடலடியிலேயே வாழ்ந்தவை. மெல்லிய தூரிகையின் நுனியை நாக்கில் தொட்டு (தொடக் கூடாதுதான், எல்லோரும் தொடுவோம்) ஒரே இனமாக, ஒரே அளவாகப் பொறுக்க வேண்டும். மே மாதத்திலும் மின்விசிறி போட முடியாது. ஒரு தும்மல் வந்தால் அரை நாள் வேலை போச்சு.

தெர்மாமீட்டர் அந்த ஓட்டுக்குள்தான் இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 500 அணுவுக்கு ஒன்று எடை கூடியது, ஆக்சிஜன்-18. தண்ணீர் குளிரக் குளிர, ஓடு கட்டும் உயிர் இந்தக் கனமான அணுவைச் சற்று அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறது. ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் 0.2 பங்கு அளவுக்குத்தான் வித்தியாசம். ஓட்டைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வரும் கார்பன் டை ஆக்சைடை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் (எடைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) விட்டால் அதை அளந்துவிடலாம். இது முடியும் என்று 1947-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்டு யூரி. 1951-இல் அவரும் சிகாகோ சகாக்களும் கணவாய் மீனின் தூரத்து உறவான பெலம்னைட் ஒன்றை எடுத்து, அதன் உள்கூட்டை மர வளையம் போல அடுக்கடுக்காகச் சுரண்டி அளந்தார்கள். சுமார் 15 கோடி வருடப் பழசு. இளமைப் பருவத்துக்குப் பிறகு மூன்று கோடை, நான்கு குளிர்காலம் பார்த்தது, வசந்தத்தில் செத்தது என்று அதன் ஜாதகத்தையே எழுதிவிட்டார்கள்! எங்கள் பக்கம் காரை கிராமத்து ஓடைகளில் துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கிடக்கும் கல்லும் பெலம்னைட்தான். சின்ன வயதில் டவுசர் பை நிறையப் பொறுக்கியதைத் தம்பிக்கு நினைவுபடுத்தியபோதுதான் கிண்டலை நிறுத்தினான்.

சரி, உங்கள் கட்டுரையின் 5.6 கோடிக்கு வருகிறேன். 1987-இல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் துளையிட்டு எடுத்த மண் தூணில்தான் அந்த வெப்பமாதல் முதலில் சரியாகப் பிடிபட்டது. கென்னட், ஸ்டாட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்டார்கள். மேலே மிதந்த ஓடுகளும் கடலடி ஓடுகளும் ஒரே இடத்தில் சட்டென்று சூட்டைக் காட்டின. கடலடி இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த இடத்தோடு காணாமல் போயிருந்தன.

இவ்வளவு சொன்னால் ஏதோ மந்திரக்கோல் போலத் தோன்றும். ஓடுகள் பொய்யும் சொல்லும். வெகுகாலம் ஒரு புதிர் இருந்தது. அந்த 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இயோசீன் காலத்தில் துருவங்களில் பனி பெரும்பாலும் இல்லை, ஆனால் வெப்பமண்டலக் கடல் மட்டும் 15 முதல் 23 டிகிரிதான் என்று ஓடுகள் காட்டின. இன்றைய சூடுகூட இல்லை! காலநிலையைக் கணிக்கும் கணினிக் கணக்குகளோடு இது ஒத்துவரவே இல்லை. பலர் கணினியைச் சந்தேகப்பட்டார்கள். 2001-இல் பால் பியர்சன் குழு ஓட்டைச் சந்தேகப்பட்டது. மழைக்காலத்தில் ஜாடியில் இருக்கும் கல் உப்பு ஈரத்தில் கரைந்து மறுபடி கட்டியாகும், பார்த்திருப்பீர்கள். உப்பு உப்புதான், ஆனால் பழைய கல் இல்லை. மேலே வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டிய ஓடும் செத்துக் கீழே விழுந்து, குளிர்ந்த கடலடியில் நுணுக்கமாகக் கரைந்து மறுபடி படிகமாகியிருக்கிறது. அளந்ததில் பாதி கடலடியின் குளிர்! தண்ணீர் புகாத களிமண்ணில், தான்சானியா போன்ற இடங்களில், கண்ணாடி போலக் கெடாமல் கிடைத்த ஓடுகளை அளந்தபோது குறைந்தது 28 முதல் 32 டிகிரி வந்தது. கண்ணாடி ஓடு, மங்கல் ஓடு என்று பிரித்து வைக்கும் வழக்கம் எங்கள் மேசையில் இருந்திருந்தால் எத்தனையோ நாள் உழைப்பு மிச்சமாகியிருக்கும். மங்கல்தான் பொறுக்கச் சுலபம், நன்றாகத் தெரியும். நானும் நிறையப் பொறுக்கினேன்.

ஓட்டை மட்டும் நம்பி யாரும் உட்கார்ந்துவிடவில்லை. ஓட்டில் இருக்கும் மக்னீசியத்தின் அளவும் சூட்டோடு கூடும், அது இன்னொரு சாட்சி. ஆர்க்டிக் கடலில் 2004-இல் துளையிட்டபோது அந்தக் காலத்துச் சுண்ணாம்பு ஓடு கிடைக்கவில்லை. அப்புறம் ஆர்க்கியா நுண்ணுயிர்கள் மண்ணில் விட்டுப்போன, சூட்டுக்கேற்ப அமைப்பு மாறும் கொழுப்பை வைத்துப் பார்த்தார்கள். வட துருவத்துப் பக்கம் கடலின் மேல்மட்டம் 23 டிகிரியைத் தாண்டியிருந்தது.

தம்பியின் இரண்டாவது கேள்வி: "அப்பவும் சூடாச்சு, அப்புறம் ஆறிடுச்சு. இப்ப மட்டும் என்ன?" பதில் அதே மண் தூண்களிடம் இருக்கிறது. அப்போது பூமியைச் சூடாக்கியது காற்றிலும் கடலிலும் சேர்ந்த கார்பன். கார்பன் ஒரேயடியாகக் கொட்டியிருந்தால் கடல் சூடாக நேரம் பிடித்திருக்கும். மண் தூணில் கார்பன் மாற்றம் முன்னாலும் சூடு பின்னாலும் தெரிய வேண்டும். நியூஜெர்சியில் எடுத்த தூணில் இரண்டும் ஒன்றாகவே நகர்கின்றன. அதை வைத்து 2016-இல் கணக்கிட்டவர்கள், கார்பன் வெளியேற 4,000 வருடமாவது ஆகியிருக்கும், வருடத்துக்குச் சுமார் 110 கோடி டன்னுக்கு மேல் போயிருக்காது என்றார்கள். நாம் வருடத்துக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பனை வெளியேற்றுகிறோம். "ஆறிடுச்சு" என்றானே, அதற்கு ஒரு லட்சம் வருடங்களுக்கு மேல் ஆனது. இந்த ஒப்பீடு உங்கள் கட்டுரையில் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையில் ஓடு பற்றி ஒரு வார்த்தை இல்லை; படத்துக்குக் கீழே மட்டும் "ஃபொராமினிஃபெரா" என்று போட்டிருந்தீர்கள். படத்தில் இருந்தது சோழி. தாயம் ஆடுகிற யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நிஜமானது வேண்டுமென்றால் உங்கள் புகைப்படக்காரரை ராமேஸ்வரம் பக்கம் அனுப்பி, கடற்கரை மணலில் ஒரு பிடி அள்ளிவந்து லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பலூர்.