ப்ரெஞ்ச் கிழமைக்கு வீட்டுத் தமிழே போதும் - பெற்றோருக்கு ஒரு லெட்டர்

அன்புள்ள பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

வர்ற திங்கக்கிழமை ஆறாங்கிளாஸ் ஏழாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு ப்ரெஞ்ச் டெஸ்ட். கிழமை, நாள், அதை வெச்சு தினமும் பேசற சின்ன சின்ன வாக்கியம், இவ்ளோதான் பாடம். போன மீட்டிங்ல நிறைய பேர் கேட்டது, எங்களுக்கே ப்ரெஞ்ச் தெரியாது, வீட்ல என்னத்த சொல்லிக் குடுக்கறதுன்னு. அதுக்குத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

பிள்ளைங்க நோட்டைப் பார்த்தீங்கன்னா நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் ப்ரெஞ்ச், அந்தப் பக்கம் இங்கிலீஷ் மீனிங். எழுதட்டும், பரீட்சைக்கு அது வேணும். ஆனா மனசுல ஏத்தறதுக்கு இங்கிலீஷ் வழியா போறது சுத்து வழி, இந்தப் பாடத்துக்கு தமிழ்தான் ரொம்ப கிட்ட இருக்கு. லன்தின்னா திங்கள், அதுல இருக்கற லூன்னா ப்ரெஞ்ச்ல நிலா, நம்ம திங்களும் நிலாதானே. மார்தி செவ்வாய் கிரகம், மெர்க்ரெதி புதன், ஜெதி வியாழன், வான்த்ரெதி வெள்ளி, அப்படியே கிரகம் கிரகமா நம்ம வரிசையில வருது. இங்கிலீஷ்ல டியூஸ்டேல இருந்து ஃப்ரைடே வரைக்கும் வட ஐரோப்பாவோட பழைய சாமிங்க பேரு, அதனால அதை வெச்சு ப்ரெஞ்ச் பேரை யூகிக்க முடியாது. சனியும் ஞாயிறும் மட்டும் நமக்கு ஒத்து வராது, சம்தி யூதர்களோட ஓய்வு நாள் பேர்ல இருந்து வந்தது, திமான்ஷ்னா ஆண்டவரோட நாள். மத்த ஆறுலயும் கடைசியில வர்ற தி தான் நாள்னு அர்த்தம், திமான்ஷ்ல அது முன்னாடி வந்து உக்காந்துக்கிச்சு. அந்த தியை இங்கிலீஷ் மாதிரி டின்னு சொல்ல விடாதீங்க, நாக்கு பல்லுல படணும், "நதி"ல வர்ற தி மாதிரி, அது நம்ம பிள்ளைங்களுக்கு தானா வரும்.

அடுத்து நேத்து நாளைக்கு சமாச்சாரம். இயேர்னா நேத்து, அவான்தியேர்னா முந்தாநேத்து, தெமேன் நாளைக்கு, ஆப்ரெ தெமேன் நாளான்னிக்கு. இதையே இங்கிலீஷ்ல தி டே பிஃபோர் எஸ்டர்டே, தி டே ஆஃப்டர் டுமாரோன்னு இழுத்து இழுத்து எழுதணும், அதை எழுதறதுக்குள்ள பிள்ளை ப்ரெஞ்சையே மறந்துடுது. தூ லெ ஜூர்னா தினமும், நடுவுல ஒரு தெ போட்டு தூ லெ தெ ஜூர்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள். இன்னொன்னு எனக்கு ரொம்பப் பிடிச்சது, ரெண்டு வாரத்தை ப்ரெஞ்ச்காரங்க கேன்ஸ் ஜூர், அதாவது பதினஞ்சு நாள்னுதான் சொல்வாங்க, நாமளும் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா செக்கப்புக்கு வாங்கன்னுதான சொல்றோம். கணக்குப் பார்த்தா பதினாலுதான், ஆனா ரெண்டு பேருமே இன்னிக்கியையும் சேர்த்து எண்றோம். அதே மாதிரி ஒரு வாரத்துக்கு உய் ஜூர், எட்டு நாள். லன்தி ஆன் உய்த்னா வர்ற திங்களை விட்டு அதுக்கடுத்த திங்கள். போன தடவை நிறைய பிள்ளைங்க இதுக்கு எட்டு மணின்னு எழுதிட்டாங்க.

மார்க் போற இடம் ரெண்டு மூணு இருக்கு, அதை மட்டும் வீட்ல கவனிச்சா போதும். கிழமைப் பேரை ப்ரெஞ்ச்ல சின்ன எழுத்துலதான் ஆரம்பிக்கணும், இங்கிலீஷ் பழக்கத்துல கேப்பிட்டல் போட்டா தப்பு. வெறும் லன்தின்னா இந்த ஒரு திங்கக்கிழமை, முன்னாடி ல சேர்த்து ல லன்தின்னா ஒவ்வொரு திங்கக்கிழமையும். இங்கிலீஷ்ல ஆன் மண்டேன்னு வர்ற அந்த ஆனுக்கு ப்ரெஞ்ச்ல வார்த்தையே போடக்கூடாது. தேதி சொல்லும்போது 1-க்கு மட்டும் முதல்னு வரும், மீதிக்கெல்லாம் வெறும் எண்ணு. புதுச்சேரி விடுதலை நாள் 1 நவம்பர், அதனால ல பிரெமியே நொவாம்ப்ர். சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16, அது ல செஸ் ஊத். வருஷா வருஷம் பீச் ரோட்டுல ப்ரெஞ்ச் கொடியோட கொண்டாடறாங்களே ப்ரான்ஸோட தேசிய நாள், 14 ஜூலை, அது ல கத்தோர்ஸ் ஜூய்யே. இந்த மூணு தேதியும் டெஸ்ட்ல கட்டாயம் வருதுன்னு மிஸ் சொல்லச் சொன்னாங்க.

வணக்கம் சொல்றதுலயும் ஒரு கூத்து இருக்கு. பார்த்ததும் போன்ஜூர், கிளம்பும்போது பொன் ஜூர்னே, சாயந்திரமா இருந்தா போன்ஸ்வார், பொன் ஸ்வாரே. ஜூர்னா நாள், ஜூர்னேன்னா அந்த நாள் முழுக்க ஓடற பொழுது. பொன் நுய் தூங்கப் போறப்ப மட்டும்தான், ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அதைச் சொன்னா போய்ப் படுங்கன்னு துரத்தற மாதிரி ஆயிடும். டாட்டாவுக்கு பதிலா அடுத்து பார்க்கப்போற நாளைச் சொல்லி ஆ தெமேன், ஆ லன்தின்னு முடிக்கலாம், போய்ட்டு வரேன்னு சொல்லிப் பழகினவங்களுக்கு இது புதுசா தெரியாது.

படிக்க அலுத்துக்கிட்டா இந்தக் கதையைச் சொல்லுங்க. நடக்கவே நடக்காத விஷயத்தை ப்ரெஞ்ச்ல நாலு வியாழக்கிழமை வர்ற வாரத்துல நடக்கும்னு கிண்டலா சொல்வாங்க. அங்க ஆரம்பப் பள்ளிங்களுக்கு ரொம்ப காலம் வார நடுவுல வியாழன்தான் லீவு, 1972-லதான் புதன்கிழமைக்கு மாத்தினாங்க. வாரத்துல நாலு வியாழன்னா நாலு நாள் லீவு, எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது.

வீட்ல தாத்தாவோ பாட்டியோ ப்ரெஞ்ச் பேசறவங்களா இருந்தா, சொல்தா குடும்பமா, அதாவது ப்ரெஞ்ச் பட்டாளத்துல இருந்தவங்க குடும்பமா இருந்தா இன்னும் நல்லது, காலையில ஒரு தடவை கெல் ஜூர் சோம் நூ, அதாவது இன்னிக்கு என்ன கிழமைன்னு கேக்கச் சொல்லுங்க, பிள்ளை ஓன் நே லன்தி, ஓன் நே மார்தின்னு பதில் சொல்லட்டும். அப்படி யாரும் இல்லைன்னா நீங்க தமிழ்லயே கேளுங்க, அது ப்ரெஞ்ச்ல சொல்லட்டும், சரியா தப்பான்னு நோட்டைப் பார்த்தா தெரிஞ்சிடும். இதுக்குன்னு தனி டியூஷன் வேணாம்.

டெஸ்ட் அன்னிக்கு ப்ரெஞ்ச் நோட்டு கையோட இருக்கணும், உங்க கையெழுத்தோட. காய்ச்சல் கீய்ச்சல்னு வர முடியாதவங்களுக்கு வியாழக்கிழமை மறுபடி வெப்பாங்க, டயரியில ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்